நீலப்பிடிக் குடை

தலைவர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் மாநகர சபை உறுப்பினர்களுக்கும், பல்கலைக்கழக நுண்கலைத்துறை விரிவுரையாளர்களுக்கும், கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கிய டிசைனர் தம்பி தங்கைமாருக்கும் என் வணக்கம். நகரத்து அச்சக உரிமையாளர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவருக்கு நடக்க ஏலாது. மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இருத்தியதைப் பார்த்தேன். அவருக்கு என் தனி வணக்கம். இந்த மண்டபத்தைத் தந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தாருக்கும், காலையில் கதிரை அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

தேர்தல் பிரசாரத்தில் ஓவியர்கள் என்ன செய்தார்கள், அவர்களுக்குரிய கூலி என்ன, சட்டம் என்ன சொல்கிறது என்று மூன்று விஷயங்களைப் பேசச் சொன்னார்கள். சரி, பேசுகிறேன். ஆனால் முதலில் ஒரு பழமொழி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். உடம்பைக் கவனி என்பதற்காக என் ஐயா இதைச் சொல்லுவார். நான் இன்றைக்குச் சுவரையே நினைத்துச் சொல்கிறேன்.

1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு கூடியது. காந்தி கேட்டுக்கொண்டதால் நந்தலால் போஸ் தன் மாணவர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 400 சுவரொட்டிகளைச் செய்தார். அவற்றில் தலைவர்களுடைய முகங்களைத் தேடவேண்டாம். பஞ்சு அடிக்கிறவர், தையல்காரர், மேளம் வாசிக்கிறவர், உழவர் என்று அந்த மாநாட்டுக்கு நடந்துவந்த சனங்களையே கையால் செய்த தாளில் தீட்டிவைத்தார். ஓர் அரசியல் இயக்கத்துக்கு ஓவியன் செய்த உதவிகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

1980இல் போலந்தின் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. யெர்ஸி யானிஷெவ்ஸ்கி என்ற வடிவமைப்பாளர் 'ஒருமைப்பாடு' என்று பொருள்படும் ஒரே சொல்லைச் சிவப்பில் எழுதினார். ஊர்வலத்தில் போகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பதுபோல எழுத்துகள். ஓர் எழுத்தின் தலையில் கொடி. அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த தொழிற்சங்கத்தின் அடையாளம் இன்றுவரை அதுதான். 2008இல் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் தீட்டிய ஷெப்பர்ட் ஃபேரியை உங்களுக்குத் தெரியும். அவர் பயன்படுத்திய புகைப்படம் ஒரு செய்தி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது. வழக்கு 2011இல்தான் சமாதானமாக முடிந்தது. படம் எடுத்தவரிடம் கேட்காமல் படத்தைத் தொடாதீர்கள், தம்பிமாரே.

இனி எங்கள் ஊர்க் கதை. அறுபதுகளின் கடைசி, உரும்பிராய்ப் பக்கம், கிராம சபைத் தேர்தல். என் பெரியண்ணா விளம்பரப் பலகை எழுதும் ஒருவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தார். ஒரு வேட்பாளருக்குக் குடைச் சின்னம். சந்திக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சியின் வளவுச் சுவரில் கீறுவதற்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். இரவு அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. எனக்குப் பத்து வயதுகூட இருக்காது. சிரட்டைக்கரியை அரைத்து வச்சிரம் கலந்த கறுப்பு. அண்ணா ஏணியில் ஏறி நின்று, ஆள் உயரத்துக்கும் மேலே விரித்த குடையைக் கீறிக் கறுப்படித்தார். கம்பியைக்கூட ஒவ்வொன்றாகக் கீறினார். கீழே வரும்போது கறுப்பு முடிந்துபோயிற்று.

ஆச்சி பனங்கட்டித் துண்டும் பிளேன்ரீயுமாக வந்தா. லாம்பை என் கையிலிருந்து வாங்கி உயர்த்திப் பார்த்தா.

"தம்பி, உந்தக் குடைக்குப் பிடி எங்கை?"

"கறுப்பு முடிஞ்சுது ஆச்சி. நாளைக்கு வந்து கீறுவன்."

"விடிஞ்சால் சனம் பாக்குமெல்லே. பிடியில்லாத குடையை ஆர் மோனை பிடிக்கிறது?"

அண்ணாவுக்குப் பதில் வரவில்லை. ஆச்சி உள்ளே போய் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கொண்டுவந்தா. சுண்ணாம்பில் அதைக் குழைத்து, கறுப்புக் குடைக்கு நல்ல நீலத்தில் வளைந்த பிடி ஒன்று அண்ணா கீறினார். பிடியின் அடி வளைவு பிழையென்று ஆச்சி இரண்டு தரம் அழிப்பித்தா! மூன்றாம் தரம்தான் தலையாட்டினா. நான் நின்றபடியே தூங்கி, லாம்பைச் சுவரில் முட்டி, சிமினியை உடைத்தேன்.

விடிந்ததும் வேட்பாளர் வந்து பார்த்தார். ஏசப்போகிறார் என்று அண்ணா வேலிக்குப் பின்னால் நின்றார். அவரோ மற்றச் சுவர்களில் இருந்த குடைகளுக்கும் நீலப்பிடி போடச் சொன்னார். ஊர் முழுக்க அவருக்கு 'நீலப்பிடிக் குடை' என்றே பெயர். அவர் வென்றார். அண்ணாவுக்கு இரண்டு சேட்டுத் துணி கிடைத்தது. கூலி என்று நான் சொல்லவேண்டிய விஷயமும் இதற்குள் வந்துவிட்டது: இன்றைக்கும் பல பிள்ளைகளுக்குச் சேட்டுத் துணிக் கணக்குத்தான். முகநூல் படத்துக்குக் காசு கேட்டால் "எங்கட ஆள்தானே" என்கிறார்கள். எங்கட ஆளென்றால் முதலில் காசைக் கொடுங்கள்.

1995 ஒக்ரோபர் 30இல் போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நடந்தது. அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது அந்தச் சந்தியில் சுவர் இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தக் குடையை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை. நான் செத்தால் என் நினைவில் இருக்கிற குடையும் போய்விடும்.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஹரிபுராச் சுவரொட்டிகளில் பலவற்றை இன்றைக்கும் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் பார்க்கலாம், யாரோ எடுத்து வைத்தபடியால். ஃபேரியின் படத்தை வொஷிங்டன் தேசிய உருவப்படக் கூடம் 2009 ஜனவரியிலேயே தன் சேகரிப்பில் சேர்த்துவிட்டது. எங்களிடம் 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி ஒட்டிய உதயசூரியன் சுவரொட்டி எத்தனை இருக்கிறது? 2024 நவம்பர் தேர்தல் பனர்கள் எங்கே? கோழிக்கூட்டுக்குக் கூரையாகவும் விறகுக்கு மூடியாகவும் கிடக்கின்றன. மினிபஸ்ஸில் போகிறவர் ஒரு நொடியில் வாசிக்கவேண்டும் என்பதற்காக வேட்பாளரின் விருப்பு வாக்கு இலக்கத்தை எவ்வளவு பெரிதாக வைப்பது, நீண்ட தமிழ்ப் பெயரை எந்த இடத்தில் உடைப்பது என்று இந்தப் பிள்ளைகள் விடிய விடிய இருந்து கற்ற வித்தை அதில் இருக்கிறது. கணினியில் வைத்திருக்கிறோம் என்பீர்கள். பாமினி எழுத்துருவில் செய்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்.

நாங்கள் எங்கே நின்று பேசுகிறோம் என்று யோசியுங்கள். இந்த நூலகத்தை எரித்ததும் ஒரு தேர்தல் வாரத்தில்தான். 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு மூன்று நாளைக்கு முன்னர் 97,000 நூல்கள் சாம்பல். தாள் எவ்வளவு கெதியாக இல்லாமல் போகும் என்று யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்துப் பாதுகாப்பதுபோல நாங்கள் சுவரொட்டியையும் பாதுகாக்கவேண்டும். எல்லாக் கட்சியுடையதும் வேண்டும். வீடு, சைக்கிள், வீணை, திசைகாட்டி, சுயேச்சைக் குழுக்களின் சின்னம் எதையும் விடக்கூடாது. தோற்றவர்களுடையது கட்டாயம் வேண்டும், அதைத்தான் முதலில் எறிகிறார்கள். பின்பக்கம் பென்சிலால் வரைந்தவர் பெயர், அச்சகம், திகதி எழுதினால் போதும். மாநகர சபை உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஓர் அறை. ஈரம் ஏறாத, கறையான் வராத ஒரே ஓர் அறை.

சட்டம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்கவேண்டும். டிசைனர்கள் பில் எழுதிக் கொடுங்கள். மிச்சத்தை இங்கே இருக்கும் சட்டத்தரணி ஐயாவிடம் தேநீர் நேரத்தில் கேளுங்கள். தலைவர் மணியைப் பார்க்கிறார்.

வாசலில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறேன், வேப்பிலையும் போட்டிருக்கிறது. போன மாதம் ஏழாலையில் ஒரு கிணற்றடி மறைப்பிலிருந்து கழற்றிய சுவரொட்டி ஒன்று அதற்குள் இருக்கிறது. வீட்டில் பழையது வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை பெட்டி அங்கேயே இருக்கும். வணக்கம்.