அந்த மெசேஜ் வரும்போது குழந்தை யாரிடம் ஓடும்?

[திரையில்: இருட்டான அறை. போன் வெளிச்சத்தில் ஒரு பையனின் முகம்.]

இரவு 11.30 மணி. அவனுக்கு 14 வயது. ஒரு வாரமாக இன்ஸ்டாகிராமில் பேசிப் பழகிய பெண் ஒரு படம் அனுப்புகிறாள். "நான் அனுப்பிட்டேன்ல, நீயும் அனுப்பு" என்கிறாள். பையன் தயங்குகிறான். அப்புறம் அனுப்பிவிடுகிறான்.

[திரையில்: சாட் பெட்டி. மெசேஜ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன.]

அடுத்த நிமிஷமே பேச்சு மாறுகிறது. அவன் படம் அவனுக்கே திரும்பி வருகிறது. அதன் கீழே அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட். "பணம் அனுப்பு. இல்லன்னா இதுல இருக்கிற எல்லாருக்கும் போகும். உங்க அம்மாவுக்கும்தான்."

இது நான் உருவாக்கிக் காட்டும் காட்சி. ஆனால் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரும் படமும் பெரும்பாலும் போலி. இந்த வகை மோசடியில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்திருக்கிறது. பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் கவலைப்படும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

இந்த மிரட்டல் எதை நம்பி நடக்கிறது? வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று பிள்ளை பயப்படும் என்பதை நம்பித்தான். அந்தப் பயம் இருக்கும்வரை பிள்ளை மிரட்டுபவன் கையில். அதனால்தான் பிள்ளைகளின் ஆன்லைன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நான் செட்டிங்ஸிலிருந்து ஆரம்பிக்காமல் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். "என்ன நடந்தாலும் என்னிடம் வா. திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." இதை எதுவும் நடப்பதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சின்ன விஷயங்களில் அந்த வாக்கைக் காப்பாற்றியும் காட்ட வேண்டும். ஏதோ ஒரு அசிங்கமான வீடியோ வந்தது என்று பிள்ளை சொன்ன அன்றே போனை வாங்கிப் பீரோவில் பூட்டினால், அடுத்த முறை அது வாயே திறக்காது.

சரி, மிரட்டல் வந்தே விட்டது. என்ன செய்வது?

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால், கொடுக்கக்கூடியவர்கள் என்று தெரிந்துவிடும்; மறுபடி கேட்பார்கள். பதறிப்போய் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். மிரட்டல், அந்த அக்கவுண்டின் பெயர், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதற்கப்புறம் ரிப்போர்ட், பிளாக். போலீஸில் புகார் கொடுங்கள்.

[திரையில்: ஒரு படம், நீண்ட எண் வரிசையாக மாறுகிறது.]

'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துகிறது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் இதைப் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கும். அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண் வரிசை மட்டும் உருவாகிப் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அந்த வரிசையோடு பொருந்தும் படத்தைத் தேடி நீக்கும். திட்டத்தில் சேராத தளங்களுக்கும், என்க்ரிப்ட் செய்த, அதாவது பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாத தனிச் சாட்டுகளுக்கும் இதன் கை எட்டாது. ஆனாலும், "படம் பரவிவிடுமோ" என்று நடுங்கும் பிள்ளையிடம், நம்மால் செய்ய முடிந்தது இது என்று காட்டுவதே பெரிய ஆறுதல்.

[திரையில்: பிறந்த தேதி கேட்கும் பக்கம்.]

இப்போது செட்டிங்ஸ். முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலான தளங்கள் 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. பிள்ளையின் பக்குவத்தை அளந்து வைத்த வயதல்ல இது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்று 1998-இல் அமெரிக்காவில் வந்த சட்டம்தான் அதற்கு மூலம்.

அந்த வரம்பைத் தாண்ட நிறைய பிள்ளைகள் வருஷத்தை மாற்றிப் போடுகிறார்கள். சில சமயம் நாமே போட்டுக் கொடுக்கிறோம். இன்ஸ்டாகிராம் 2024-இல் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த டீன் அக்கவுண்ட் தானாகவே ப்ரைவேட்டாக இருக்கும், தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழே நேரடி மெசேஜே கிடையாது. ஆனால் 12 வயதுப் பிள்ளை தன்னை 20 என்று பதிந்திருந்தால்? இந்தப் பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடைக்காமல் போகலாம். பொய்த் தேதியோடு இருக்கும் அக்கவுண்டை மூடுவதுதான் நல்லது.

லொக்கேஷனையும் பாருங்கள். ஸ்னாப்சாட் மேப்பில் கோஸ்ட் மோட் போட்டால் பிள்ளை இருக்கும் இடம் நண்பர்களுக்குத் தெரியாது. அப்புறம் நம் பக்கமும் ஒரு தவறு உண்டு: பள்ளிப் பெயர் தெரியும் சீருடையோடு பிள்ளையின் படத்தைப் போடுவது நாம்தான்.

ரகசியமாக வேவு பார்க்கும் ஆப் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை கண்டுபிடித்த அன்று இன்னொரு அக்கவுண்ட் திறக்கும்.

[திரையில்: கேம் சாட். ஒரு வரி மட்டும் பெரிதாகிறது.]

கடைசியாக, பிள்ளைக்கு ஒரு அடையாளம் சொல்லிக் கொடுங்கள். கேமில் பழகியவர் "வேற ஆப்ல பேசலாம் வா" என்கிறார். சில நாள் கழித்து, "இது நமக்குள்ளயே இருக்கட்டும், வீட்ல சொல்லாத" என்கிறார். அந்த இரண்டாவது வரி வந்த உடனே, பதில் போடாமல், போனை அப்படியே எடுத்துக்கொண்டு உங்களிடம் வரச் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் எழுப்பலாம் என்று சொல்லுங்கள்.