கிழிசலைப் பார்க்கக் கற்றுக்கொள்வது

(நூலக அறிவியல் மாணவர்களுக்காகச் சென்னையில் நடந்த நூல் செப்பனிடும் பயிற்சியின் முதல் நாள் காலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன், இந்தத் தாளை வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள். உறையிலிருந்து எடுக்க வேண்டாம். பழைய நாடக நோட்டீஸ் இது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பழுப்புப் பட்டை ஓடுகிறதா? யாரோ ஒருவர், கிழிந்துவிட்டதே என்ற அக்கறையில் செலோடேப் ஒட்டியிருக்கிறார். டேப் காய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கித் தங்கிவிட்டது. அந்தப் பட்டைக்குள் இருக்கும் நடிகர்களின் பெயர்கள் எண்ணெய் பட்ட மாதிரி மங்கிக் கிடக்கின்றன. கிழிசலை அப்படியே விட்டிருந்தால் அரை மணி நேர வேலை. இப்போது ரசாயனக் கரைப்பான்களில் பழகிய வல்லுநர் ஒருவர்தான் இதைத் தொட வேண்டும். அவர் தொட்டாலும் கறை முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது.

ஒட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாணவனாக இருந்தபோது நானும் ஒட்டியிருக்கிறேன். நூல் பாதுகாப்பு எங்களுக்கு ஒரு பாடமாகவே இருந்தது. ராமபாணப் பூச்சி, கரையான், பூஞ்சை என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் பயிற்சிக்குப் போன நூலகத்தில் கிழிந்த பக்கம் ஒன்றை நீட்டியபோது, என் கை தேடியது டேப்பைத்தான். இந்திய நூலக அறிவியலின் முன்னோடியான எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான தம் ஐந்து விதிகளை 1931இல் இதே சென்னையில்தான் வெளியிட்டார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. தேர்வுக்கு எல்லோரும் அதை எழுதுகிறோம். விரித்தால் முதுகு பிளந்துபோகும் புத்தகத்தை யார் பயன்படுத்துவது? அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும் என்றுதான் உங்களை இங்கே அழைத்திருக்கிறோம்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அம்மையார் முதல் நாள் என்னைப் புத்தகத்தைத் தொடவே விடவில்லை. பழைய செய்தித்தாள்களைக் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார். மேலிருந்து கீழாகக் கிழித்தேன், கோடு போட்ட மாதிரி வந்தது. குறுக்கே கிழித்தேன், கோணல்மாணலாகப் போனது. தாள் உருவாகும்போது அது இயந்திரத்தில் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துக்கொள்கின்றன. புத்தகத்தில் அந்த இழை ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் பக்கம் விறைத்துக்கொள்ளும், ஈரம் பட்டதும் முதுகுப் பக்கம் அலையலையாக நெளியும். விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால் இது மறக்காது.

அப்புறம் பசை. சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையைப் பார்க்காதவர் நம் ஊரில் உண்டா? நாம் காய்ச்சப்போவது அதன் நெருங்கிய சொந்தம். மாவைப் பிசைந்து தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால், பால் போல மாவுச்சத்து பிரிந்து இறங்கும். கையில் ரப்பர் மாதிரி மிஞ்சும் புரதம் நமக்கு வேண்டாம். அடியில் படிந்த மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சிறு தீயில் கை விடாமல் துழாவ வேண்டும். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி போல ஆகும்வரை பொறுமை வேண்டும். ஆறியதும் துணியில் பிழிந்து, தேவையான அளவு தண்ணீர் விட்டுக் கெட்டி மோர் பதத்துக்குக் கொண்டுவரலாம். புளித்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். பூச்சி வரக் கூடாது என்று பைண்டிங் கடைகளில் பசையோடு மயில்துத்தம் சேர்ப்பார்கள். பூச்சி வராதுதான். ஆனால் அதிலுள்ள செம்பு, தாளின் இழைகள் சிதைவதை வேகப்படுத்தும்.

இந்தப் பசையை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறோம்? ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் ஈரத்தை மெல்ல ஏற்றினால், நாம் ஒட்டியது கழன்று வந்துவிடும். கடையில் விற்கும் வெள்ளைக் கோந்து காய்ந்த பிறகு அப்படி வராது. நமக்குப் பின்னால் வருபவர் நம்மைவிட நன்றாகச் செய்யக் கூடும், அவருக்கு வழி விட்டுவைக்க வேண்டும். என் முழு நம்பிக்கையும் இதில்தான் இருக்கிறது.

சரி, கிழிசலுக்கு வருவோம். உருப்பெருக்கியில் பாருங்கள். கிழிந்த ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்காது. ஒரு பக்க உதடு சரிவாக, வெள்ளையாக நீண்டிருக்கும். எதிர்ப்பக்க உதடு அதன் மேல் வந்து படுக்கும். எது கீழே, எது மேலே என்று பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொட வேண்டும். சில கிழிசல்களில் பாதி வழியில் இது தலைகீழாக மாறும். கவனிக்காமல் ஒட்டினால் எழுத்து மயிரிழை விலகி நிற்கும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும்.

மேலே ஒட்டுவது ஜப்பானியக் கைத்தாள். கோஸோ என்ற செடியின் பட்டையில் செய்வது, இழைகள் மிக நீளம். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் இருக்கும். இதில் 5 கிராம் தாளும் உண்டு, மூச்சு விட்டால் பறக்கும். இதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகை நுனியால் ஒரு தண்ணீர்க் கோடு போட்டு, இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். பிரிந்த ஓரத்தில் இழைகள் பூனை மீசை போல நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய தாளைப் பிடித்துக்கொள்வது அந்த மீசைதான். பசை குறைவாக இருக்கட்டும். ஒட்டாத மெல்லிய துணி, அதன் மேல் மை ஒற்றும் தாள், அதன் மேல் எடை. ஒற்றும் தாளைப் பத்து நிமிடத்தில் மாற்றுங்கள். நான் மாற்ற மறந்த என் முதல் தாள் அப்பளம் பொரித்த மாதிரி நெளிந்து காய்ந்தது. அதை இன்றும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் செப்பனிடும் வல்லுநராகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் கை பழகியிருக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? ஒரு நூலகத்தில், பெயர் வேண்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கியப் பதிப்பு ஒன்று இருந்தது. அதை வைத்திருந்த புலவர் ஓரங்களில் பென்சிலால் பாடபேதங்களை, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களை, குறித்திருந்தார். முதுகு விட்டுப்போனதால் பைண்டிங்குக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மூன்று பக்கமும் இயந்திரத்தில் வெட்டிப் பளிச்சென்று இருந்தது. பல குறிப்புகளில் இரண்டு எழுத்து, மூன்று எழுத்துதான் மிச்சம். பைண்டர் தன் வழக்கப்படிச் செய்தார். “ஓரம் வெட்ட வேண்டாம்” என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கு வந்த துக்கம் இன்னும் போகவில்லை. ஒருமுறையாவது தானே தைத்துப் பார்த்தவருக்கு அந்தச் சீட்டு எழுதத் தோன்றியிருக்கும்.

1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை உடைத்து, தேசிய நூலகத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் இதழ்களையும் சேற்றில் மூழ்கடித்தது. பல நாட்டு மாணவர்கள் வரிசையாக நின்று புத்தகங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில்கூடப் புத்தகங்களை உலர்த்தினார்கள். இங்கிலாந்திலிருந்து போன பீட்டர் வாட்டர்ஸ் செப்பனிடும் பணியை அங்கே ஒழுங்கு செய்தார். அவரோடு வேலை செய்த கிறிஸ்டோபர் கிளார்க்சன் ஒன்றைக் கவனித்தார். பசையை அதிகம் நம்பாமல், தையலை நம்பி மெல்லிய தோலால் கட்டிய பழைய எளிய புத்தகங்கள் அந்த வெள்ளத்தை நன்றாகவே தாங்கியிருந்தன. சேற்றுக்குள் கை விட்டவருக்குக் கிடைத்த பாடம் அது.

நமக்கும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் இருக்கிறது. நனைந்த புத்தகங்களை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டவர்கள் எத்தனை பேர்! நிழலும் மின்விசிறிக் காற்றும்தான் வேண்டும், அதுவும் இரண்டு நாளுக்குள், பூஞ்சை முந்திக்கொள்ளும் முன். ஆர்ட் பேப்பர் என்கிற பளபளப்பான தாளில் அச்சான புத்தகம் ஒட்டியபடி காய்ந்தால் செங்கல்தான், பிறகு பிரிக்கவே முடியாது.

இன்னும் ஒன்று. மரக்கூழில் செய்த அமிலத் தாள், தொட்டாலே நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தால் ஒட்டாதீர்கள். ஒட்டின் ஓரத்திலேயே புதிதாக ஒடியும். படம் எடுத்துவிட்டு, அமிலமற்ற அட்டையில் பெட்டி செய்து உள்ளே வையுங்கள். பெட்டி செய்வதும் செப்பனிடும் வேலைதான். நாளை மதியம் முழுவதும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

பக்கத்து அறையில் மேசைக்கு இரண்டு பேராக உட்காருங்கள். பசை காலையிலேயே காய்ச்சி ஆறவைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பழைய கணக்கு நோட்டுத் தாள் இருக்கும். முதலில் அதைக் கிழியுங்கள். கிழித்ததும் ஒட்டத் தொடங்க வேண்டாம். எந்த உதடு மேலே இருக்கிறது என்று பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் வரைந்து என்னிடம் காட்டுங்கள்.