நேட்டாலுக்குப் போன தாத்தாவைத் தேடுறது எப்படி?

வணக்கம் மக்களே. "எங்க வீட்டுல ஒருத்தர் கப்பலேறிப் போனாராம், திரும்பி வரவே இல்லையாம், அவரை எங்கே போய்த் தேடுறது?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. அதுவும் வேலூர், ஆரணி, போளூர், குடியாத்தம் பக்கத்துல இருந்துதான் அதிகமா. எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் உண்டு. தாத்தாவோட சித்தப்பா. எங்க ஆயாவுக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம்: அவரோட அப்பா பேரு, அப்புறம் 'நேட்டாலு'.

நேட்டால்னா இன்னைக்குத் தென்னாப்பிரிக்காவுல குவாசூலு-நேட்டால் மாகாணம். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு 1860-ல ஆரம்பிச்சாங்க. முதல் கப்பல் 'ட்ரூரோ', நம்ம மெட்ராஸ்ல கிளம்பி நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. நடுவுல சில வருஷம் நின்னு, 1874-ல மறுபடி ஆரம்பிச்சு, 1911-ல மொத்தமா நிறுத்துறதுக்குள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஆளுங்க போயிருக்காங்க. அதுல பெரும்பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா, ஏத்திட்டுப் போன ஒவ்வொரு ஆளையும் எழுதி வெச்சிருக்கான் வெள்ளைக்காரன். பாசத்துல இல்லை, அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல பாதியில ஒருத்தன் ஓடிட்டா அடையாளம் சொல்லிப் பிடிக்கணும்ல, அதுக்கு. அதுதான் கப்பல் பட்டியல். டர்பன்ல குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கு. அவங்க இந்தப் பட்டியலை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்காங்க.

இப்ப ஸ்கிரீனைப் பாருங்க. முதல்ல ஒரு நம்பர். அடுத்து பேரு, அப்பா பேரு, வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அதுக்கப்புறம் உடம்புல இருக்கிற அடையாளம். இந்த வரியில 'இடது கெண்டைக்கால்ல தழும்பு'ன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல அவருக்கு ஒரு போட்டோ கிடையாது. அவரோட உடம்பைப் பத்தி நூறு வருஷத்துக்கு அப்புறம் எங்களுக்குக் கிடைச்ச ஒரே தகவல் இந்தத் தழும்புதான். இவர்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஊரு, அப்பா பேரு, வயசு மூணும் ஒத்துப்போகுது.

எல்லாரும் எங்கே மாட்டிக்கிறாங்கன்னா, ஆளோட பேரைப் போட்டுத் தேடுறாங்க. முனுசாமின்னு தேடினா ஆயிரம் முனுசாமி வருவாங்க. நம்ம முனுசாமி மட்டும் வர மாட்டாரு, ஏன்னா அவரை 'மூன்சாமி'ன்னு எழுதியிருப்பான். குப்பு 'கூப்பூ' ஆயிருக்கும். நம்ம கவுண்டர்தான் அங்கே கோவெண்டர், முதலி வந்து மூட்லி. காதுல விழுந்ததை அந்த கிளார்க் எழுதினதுதான் ஸ்பெல்லிங். அதனால பேரைக் கடைசியா வெச்சுக்குங்க. முதல்ல கிராமம், தாலுகா. அப்புறம் அப்பா பேரு. அப்பா பேரும் சிதைஞ்சுதான் இருக்கும், ஆனா ரெண்டு சிதைஞ்ச பேரும் ஒரே கிராமமும் சேர்ந்து வந்தா ஆள் கிட்டத்தட்ட மாட்டிட்டாருன்னு அர்த்தம். இங்கிலீஷ் எழுத்துல ப-வுக்கு P போடலாம், B போடலாம். க, ச, த எல்லாத்துக்கும் அதே கதைதான். சந்தேகமான எழுத்து இருக்கிற இடத்துல நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்க. ஃபேமிலிசர்ச் மாதிரி வம்சாவளி தேடுற வெப்சைட்ல அது வேலை செய்யும். அதுக்குக் காசும் கிடையாது.

ஜில்லா விஷயத்துல ஒரு குழி இருக்கு. பட்டியல்ல 'நார்த் ஆற்காடு'ன்னு இருந்தா வேலூர்னு நினைச்சுக்காதீங்க. அன்னைக்கு வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர். 1911-லதான் சித்தூர் தனி ஜில்லா ஆச்சு. 1989-ல திருவண்ணாமலை பிரிஞ்சுது. மிச்சம் இருந்த வேலூர் மாவட்டத்துல இருந்து 2019-ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயிடுச்சு. ஆக அந்த ஊரு இன்னைக்கு ஆந்திராவுலகூட இருக்கலாம். 'வாண்டிவாஷ்'னு பார்த்தா அது வந்தவாசி, பயப்படாதீங்க.

அந்த சாதிக் கட்டத்தை மட்டும் தயவுசெஞ்சு வேதவாக்கா எடுத்துக்காதீங்க. கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி ஆளுங்களைத் தங்க வெச்ச டிப்போவுல வரிசையில நிக்கும்போது வாயில வந்ததைச் சொன்னவங்க உண்டு. மாத்திச் சொன்னவங்க உண்டு. கேக்காமலே எழுதின கிளார்க்கும் உண்டு. சொந்தச் சாதிப் பெருமையை நிரூபிக்கிறதுக்காக இதைத் தேடுறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வருது.

நான் முதல்ல காட்டின நம்பர் இருக்குல்ல, அதைத் தனியா எழுதி வெச்சுக்குங்க. அந்த நம்பர் அந்த ஆளை விடாது. கல்யாணப் பதிவு, தோட்டம் மாறினது, ஒப்பந்தம் முடிஞ்சது, ஊருக்குத் திரும்பினதுன்னு பல காகிதங்கள்ல கூடவே வரும். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஆன்லைன்ல ஒரு தேடல் இருக்கு. அங்கே கோப்போட தலைப்பும் எண்ணும்தான் தெரியும், காகிதம் தெரியாது. கோப்பு பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்லயோ டர்பன்லயோ இருக்கும். நகல் கேட்டு எழுதணும்.

அதுல நீங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டியது சொத்துக் கோப்பு. கொஞ்சமாவது சொத்து வெச்சுட்டு ஒருத்தர் செத்திருந்தா, அதோட ஒரு மரண அறிவிப்புப் படிவம் இருக்கும். டெத் சர்டிஃபிகேட் வேற, இது வேற. இதுல அப்பா அம்மா பேரு, கட்டினவங்க பேரு, பிள்ளைங்க பேரு வரைக்கும் கேட்டிருப்பாங்க. இன்னைக்கு அங்கே இருக்கிற உங்க பங்காளிங்களைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை. எச்சில் துப்பி அனுப்புற டிஎன்ஏ டெஸ்டுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

மொரிஷியஸ் போனவங்களுக்கு மோக்காவுல மகாத்மா காந்தி நிறுவனம். அங்கே நிறைய பேருக்குப் போட்டோவே இருக்கு, அதைத் தனி வீடியோவா போடுறேன். ஆனா மலேயா, சிலோன் போனவங்க வீட்டுக்காரங்களுக்கு ஒரு கெட்ட செய்தி. கங்காணி கூட்டிட்டுப் போன ஆளுங்களுக்கு இப்படி ஆள் ஆளா எழுதின பட்டியல் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். அங்கே தோட்டத்துப் பதிவு, கோயில், சர்ச் பதிவுன்னு வேற பக்கம்தான் போகணும்.

நேட்டால் கேஸ் இருக்கிறவங்க எனக்கு அனுப்புங்க, நேரம் இருக்கிறப்ப நானும் தேடிப் பார்க்கிறேன். கிராமம், பழைய தாலுகா, அப்பா பேரு, சுமாரா எந்த வருஷம் போனாரு, இவ்வளவு போதும். ஜாதகம், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பாதீங்க சாமி, மெயில் நிறைஞ்சு போச்சு. வரட்டுமா.