மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு: ‘டி’ விசை என்னைப் படுத்திய பாடு

வணக்கம் நண்பர்களே. இன்று அறிமுகம் எல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நான்கு நாட்களாகக் கோபம் ஆறவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் அக்கா மகன், பள்ளி விடுமுறையில் சேர்த்து வைத்த பணத்தில் 1,399 ரூபாய் கொடுத்து ஒரு கேமிங் கீபோர்டு வாங்கிவிட்டு, “சித்தி, நானும் மெக்கானிக்கல் வாங்கிட்டேன்” என்று வீடியோ அழைப்பில் காட்டினான். பெட்டியின் மேல் ‘மெக்கானிக்கல்’ என்பது கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே ‘ஃபீல்’ என்ற சொல் எறும்பு அளவில் இருந்தது. ஒரு விசையின் மூடியைக் கழற்றிக் கேமராவுக்கு அருகில் கொண்டுவரச் சொன்னேன். மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இதிலோ உள்ளே சுவிட்ச் என்று எதுவுமே இல்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயும், அதற்கு அடியில் வெள்ளை ரப்பர் குமிழும்தான் இருந்தன. அது சாதாரண மெம்பிரேன் கீபோர்டு. அந்தப் பையனின் முகம் வாடியதைப் பார்த்தபோது, இந்த வீடியோவை இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மெம்பிரேன் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. என் அப்பா பத்து ஆண்டுகளாக அதில்தான் கணக்கு எழுதுகிறார். ஆனால் விளையாட்டில் அது எங்கே கைவிடும் என்பதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மலிவான மெம்பிரேன் கீபோர்டுகள் பலவற்றில் சில எழுத்துகள் திரைக்கே வராது. கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசைகளும் நெடுவரிசைகளுமாக ஒரு வலை இருக்கிறது. அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகவே மின்சுற்றுக்குத் தோன்றும். அந்தப் பொய்யான நான்காவது எழுத்தைத் தவிர்ப்பதற்காக, மலிவான கீபோர்டுகள் மூன்றாவது விசையையே தடுத்துவிடுகின்றன. நல்ல மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு இருப்பதால் மின்சாரம் பின்பக்கமாகத் திரும்பி ஓடாது, எத்தனை விசைகளை அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும். இதைத்தான் பெட்டியில் என்-கீ ரோல்ஓவர் என்று போடுகிறார்கள். ‘ஆன்ட்டி கோஸ்டிங்’ (அந்தப் பொய் எழுத்துக்கான தடுப்பு) என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை விசைகளுக்கு என்று கேளுங்கள், ஏனென்றால் சிலவற்றில் அது குறிப்பிட்ட சில விசைகளுக்கு மட்டும்தான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் இரவு பத்து மணிக்கு மேல் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுபவள், பக்கத்து அறையில் அம்மா தூங்குவார், கீபோர்டுக்கு நான் வைத்திருந்த எல்லை 3,000 ரூபாய். அந்த எல்லையை நான் தாண்டவில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். கீபோர்டு 2,749 ரூபாய். அதனுடன் தனியாகப் பத்து சுவிட்சுகள் 249 ரூபாய். கூட்டினால் 2,998. இரண்டு ரூபாய் மிச்சம்! இந்தக் கணக்குக்காக நான் ஒன்பது நாட்கள் காத்திருந்தேன் நண்பர்களே. முதல் நாள் 3,199 இருந்தது, மூன்றாம் நாள் 2,999 ஆனது, அப்போதே வாங்கியிருந்தால் சுவிட்சுகளுக்குப் பணம் இருந்திருக்காது. ஆறாம் நாள் மறுபடியும் 3,099க்கு ஏறியபோது எனக்கு உறக்கமே வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தால் 2,749! பிரஷ் வாயில் இருக்கும்போதே பணத்தைச் செலுத்தினேன்.

இப்போது சுவிட்சுகளுக்கு வருவோம். இந்த வகை சுவிட்சுக்கு முன்மாதிரி ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ். அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கியதால்தான், நாம் இந்த விலைக்கு மெக்கானிக்கல் கீபோர்டைப் பற்றிப் பேசவே முடிகிறது. சிவப்பு நிறச் சுவிட்ச் தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும். பழுப்பு நிறத்தில் பாதி வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தெரியும். நீலத்தில் அந்த மேட்டுடன் ‘டிக்’ என்ற ஓசையும் வரும். செர்ரியின் சிவப்பு சுமார் 45 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும். அடிவரை போனால் 4 மில்லிமீட்டர்.

நீலத்தை விளையாட்டுக்கு வாங்காதீர்கள். என்னுடைய பழைய ரெட்ராகன் குமாரா கீபோர்டில் நீலச் சுவிட்சுகள்தான் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும், அதன் கட்டுமானத்தை நான் இன்றும் மெச்சுகிறேன், ஆனால் அந்த ஓசைக்காக அம்மா எத்தனை முறை கதவைத் தட்டினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஓசையை விட்டுத்தள்ளினாலும் இன்னொரு காரணம் இருக்கிறது. நீலச் சுவிட்ச் பதிவாகும் இடம் ஒன்று, விடுபடும் இடம் அதைவிட மேலே இன்னொன்று. ஆகவே ஒரே விசையை வேகமாக இருமுறை தட்ட வேண்டுமென்றால் விரலை ஒவ்வொரு முறையும் கூடுதலாக உயர்த்தியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்த்திசை விசையை ஒரு கணம் தட்டி நின்று சுடுகிற விளையாட்டில் அந்தக் கணம்தான் எல்லாம். பழுப்பைப் பற்றி என் கருத்து மாறவே இல்லை: ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நான் தனியாக வாங்கிய பத்தும் கேட்டரான் மஞ்சள். அதுவும் சிவப்பைப் போல நேராக இறங்குவதுதான், ஆனால் அழுத்தம் சுமார் 50 கிராம். ஐந்து கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். நான் விசைகளின் மேல் விரலை அழுத்தமாக ஊன்றி வைப்பவள். மென்மையான சிவப்பில், விளையாட்டுக்குள் நினைக்காமலேயே நடந்துவிடுகிறேன், மஞ்சளில் அது குறைகிறது. 87 விசைகளுக்கும் மாற்றப் பணம் இல்லை, தேவையும் இல்லை. என் இடது கை வாழ்கிற இடங்கள் பத்தே பத்து: டபிள்யூ, ஏ, எஸ், டி, க்யூ, இ, ஆர், இடது ஷிஃப்ட், இடது கன்ட்ரோல், ஸ்பேஸ் பார். மற்ற விசைகளில் கீபோர்டுடன் வந்த சிவப்பே இருக்கட்டும்.

இப்படிச் சில சுவிட்சுகளை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஹாட் ஸ்வாப் வசதி இருக்க வேண்டும், அதாவது சுவிட்ச் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். குறைந்த விலையில் நான் முதலில் தேடுவது இதைத்தான், ஏனென்றால் நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு விசை செத்தால் இருபத்தைந்து ரூபாயில் உயிர் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் சால்டரிங் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். ஆனால் ‘ஹாட் ஸ்வாப்’ என்று போட்டதை அப்படியே நம்பக் கூடாது. கடந்த ஆண்டு வீடியோவில் நான் ஏறக்குறைய அழுததைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது வாங்கிய கீபோர்டின் சாக்கெட் துளைகள் அவுட்டெமுவின் மெல்லிய ஊசிகளுக்கென்றே செய்யப்பட்டவை. கேட்டரானின் கால்கள் அதற்குள் இறங்கவே இல்லை. பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விற்ற நிறுவனம் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு, “மேடம், எங்கள் சுவிட்சையே வாங்கிக்கொள்ளுங்கள்” என்றது. ஆகவே எந்த நிறுவனத்தின் சுவிட்சுகள் பொருந்தும், மூன்று காலா (இரண்டு உலோக ஊசிகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு) ஐந்து காலா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஐந்து கால் சுவிட்சில் கூடுதலாக இருப்பவை இரண்டு பிளாஸ்டிக் முளைகள்தான், அவற்றை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் மூன்று கால் பலகையிலும் அமர்ந்துவிடும்.

சரி, ‘டி’ விசையின் கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை பத்துச் சுவிட்சுகளையும் மாற்றிவிட்டு, மாலை தேநீரைக் கூடக் குடிக்காமல் விளையாட உட்கார்ந்தேன். முன்னே போகிறேன், இடப்பக்கம் போகிறேன், வலப்பக்கம் போக முடியவில்லை, வலப்பக்கம் போகும் விசைதான் ‘டி’. முதல் ஆட்டத்தில் நான்கு முறை அதே சுவர் ஓரத்தில் செத்தேன். மென்பொருள் கோளாறு என்று எண்ணிக் கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பும் படிவத்தைக் கூடத் திறந்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் அந்தச் சுவிட்ச் மற்ற ஒன்பதைப் போலவே ஒழுங்காக அமர்ந்திருக்கிறது! கடைசியில், பெட்டியில் வந்த கம்பி இடுக்கியால் சுவிட்சின் மேலும் கீழும் இருக்கும் கொக்கிகளை அழுத்திப் பிடித்து நேராக மேலே இழுத்துத் திருப்பிப் பார்த்தால், இரண்டு செம்பு ஊசிகளில் ஒன்று சாக்கெட்டுக்குள் போகாமல், படுத்த புல்லைப் போல சுவிட்சின் அடிவயிற்றோடு ஒட்டி மடங்கிக் கிடந்தது. நான்தான் அவசரத்தில் சாய்வாக அழுத்தியிருக்கிறேன்.

வாங்கியதே பத்து, மாற்றுக்கு ஒன்றும் கிடையாது. அந்த ஊசி மிக மெல்லியது, இருமுறை மடித்தால் ஒடிந்துவிடும். அம்மாவின் புருவ இடுக்கியை வாங்கிவந்து, மேசை விளக்கை முகத்துக்கு அருகில் இழுத்துக்கொண்டு, மடிந்த இடத்தை நிமிர்த்தாமல் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல மெல்ல எழுப்பினேன். முதலில் பாதி எழுந்தது. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. இடுக்கியின் தட்டையான இரு முகங்களுக்கும் நடுவே வைத்து ஒரு முறை நசுக்கியபோது நூல் பிடித்ததுபோல நேரானது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். செருகும்போது இரண்டு ஊசிகளும் துளைக்கு நேராக இருப்பதைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, செங்குத்தாக அழுத்தினேன். ‘டக்’. வலப்பக்கம் போனேன்! அந்த இரவு நான் வென்ற ஆட்டங்களைவிட அந்த ‘டக்’தான் எனக்கு இனித்தது.

இதைச் சொல்லும்போதுதான் அளவைப் பற்றிப் பேசாதது நினைவுக்கு வருகிறது. 104 விசைகள் கொண்ட முழு அளவு, எண் பகுதி இல்லாத 87, அம்புக்குறிகளும் எஃப் வரிசையும் இல்லாத 61 என்று இருக்கின்றன. நான் மவுஸை மேசை முழுவதும் இழுத்து விளையாடுபவள் என்பதால் எண் பகுதி எனக்குத் தடை. ஆனால் 61 விசைப் பலகையில் வீடியோ வெட்டும்போது ஒவ்வொரு அம்புக்குறிக்கும் இரண்டு விசைகளை அழுத்துவது என் பொறுமைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 87. கேபிள் கழற்றக் கூடிய யுஎஸ்பி சி வகையாக இருக்கட்டும், அந்தக் குழி வேறு கேபிள்களும் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி என் ஸ்பேஸ் பார். அகலமான விசைகளுக்கு அடியில் அவை சாயாமல் இருக்க ஸ்டெபிலைசர் என்ற கம்பி இருக்கும். மலிவான கீபோர்டுகளில் அது காய்ந்து கிடப்பதால், ஸ்பேஸ் பாரைத் தட்டும் போதெல்லாம் பழைய பேருந்தின் ஜன்னல் கண்ணாடியைப் போலக் கடகடவென்று அடிக்கும். விசையைக் கழற்றி, கம்பியின் இரு முனைகளும் பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸை ஒரு பல்குச்சியால் அரிசி மணி அளவு வைத்தேன், அவ்வளவுதான். கிரீஸ் பழைய வீடியோவுக்கு வாங்கியதில் மிஞ்சியது, அதனால் 2,998 கணக்கில் சேர்க்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சுவிட்சுக்குள் இந்தக் கிரீஸைப் போடாதீர்கள், மிகத் தடிமனானது, விசை மந்தமாகிவிடும். இப்போது மைக்கை அருகில் வைக்கிறேன், கேளுங்கள். இது கிரீஸ் போடாத பேக்ஸ்பேஸ். இது என் ஸ்பேஸ் பார். மரப்பலகையில் விரலால் தட்டுவது போன்ற அந்த அடங்கிய ஒலிக்கு, நான் இன்று காலையிலிருந்து எந்த வேலையும் இல்லாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வண்ண விளக்குகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்த விலையில் வயர்லெஸும் வேண்டாம், அதே பணத்துக்கு வேறு எதையோ குறைத்திருப்பார்கள். வயருடன் 1,000 ஹெர்ட்ஸ் போலிங் இருந்தால் மில்லி விநாடிக்கு ஒரு முறை கணினி விசைகளை விசாரிக்கிறது. 125 ஹெர்ட்ஸ் என்றால் எட்டு மில்லி விநாடிக்கு ஒரு முறைதான். காந்தச் சுவிட்ச் கீபோர்டுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். விசை எவ்வளவு இறங்கினால் பதிவாக வேண்டும் என்பதை அவற்றில் நாமே அமைக்கலாம், அது உண்மையிலேயே அருமையான வசதி. ஆனால் அத்தகைய கீபோர்டுகளில் வரும், எதிரெதிர் விசைகளைத் தானாகவே மாற்றிவிடும் ஸ்னாப் டாப் போன்ற உதவிகளை, விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடை செய்துவிட்டது, ஆகவே அதை நம்பி மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். என் வலப்பக்கம், இடப்பக்கத்தை என் விரல்களே பார்த்துக்கொள்ளட்டும்.

மூடிகளைப் பற்றி ஒரு வரி: பிபிடி பிளாஸ்டிக் கிடைத்தால் எடுங்கள், ஏபிஎஸ் சில மாதங்களிலேயே எண்ணெய் தடவியது போலப் பளபளக்கத் தொடங்கிவிடும். என்னுடையதில் ஏபிஎஸ்தான், 2,749-க்கு அதைப் பொறுத்துக்கொண்டேன்.

அக்கா மகனின் கீபோர்டு திரும்பிப் போய்விட்டது, பணமும் வந்துவிட்டது. நல்ல கீபோர்டு வாங்கத் தேவைப்படும் மீதிப் பணத்துக்கு அவன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் இங்கே வருகிறான். நான் கழற்றி வைத்த பத்துச் சிவப்புச் சுவிட்சுகளும் ஒரு மாத்திரை டப்பாவில் அவனுக்காகக் காத்திருக்கின்றன.