தோற்ற இடத்துக்கே திரும்புதல்

(சேலத்தில் ஜியு-ஜிட்சு பயிலும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, பயிற்சி விரிப்பில் என்னை நாள்தோறும் புரட்டிப்போடும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் ஊரில் விடாமுயற்சியைப் பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்லாமல் இறங்குவது அரிது. எனக்கு அந்த உவமை ஒத்துவரவில்லை. மலையேறுகிறவர் இருபதாவது வளைவைத் தாண்டிவிட்டால் மூன்றாவது வளைவுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. எதிராளியைத் தரையில் பிடித்துப் பூட்டிப் பணியவைக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவிலோ, எவ்வளவு உயரம் போனாலும் அந்த மூன்றாவது வளைவுக்கே மறுபடி மறுபடி இறங்கி வர வேண்டியிருக்கிறது.

சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள், "பெரிம்போலோ எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்கிறார்கள். தரையில் உருண்டு எதிராளியின் முதுகைப் பிடிக்கும் அந்த நுட்பத்தைக் கைப்பேசியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன்னால், நிற்பவரின் காலை வெளிப்புறமாகச் சுற்றி நம் காலைக் கொக்கி போடுகிற டி லா ரிவா கார்டில் நிலைகுலையாமல் இருக்கத் தெரிய வேண்டும். கார்டு என்பது, கீழே கிடந்தபடி கால்களால் எதிராளியைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் நிலை. அது தெரியாதவருக்கு உருண்டதுதான் மிச்சம்.

நான் 34 வயதில் சேர்ந்தவள். கால்களால் கழுத்தை நெரிக்கும் முக்கோணப் பிடி, அதாவது டிரையாங்கிள், எனக்கு எட்டு மாதம் விழவே இல்லை. எதிராளியின் ஒரு கை உள்ளேயும் மறு கை வெளியேயும் இருக்க, என் கெண்டைக்கால் அவர் பிடரியின் குறுக்கே கிடக்க, கணுக்காலை மறு முழங்காலின் மடிப்பில் பூட்டி, தலையை இரண்டு கையாலும் இழுத்து, தொடை நடுங்கும்வரை அழுத்துவேன். எதிரே இருப்பவர் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். வாரத்துக்கு மூன்று நாள் இதையே செய்துவிட்டு, இன்னும் வலுப்போட வேண்டும் என்று எண்ணியபடி வீடு திரும்புவேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் வீட்டிலிருந்து வரும் கல்லூரித் தங்கை ஒருத்திதான், என் கால்களுக்கு நடுவில் இருந்தபடியே சொன்னாள்: "அக்கா, நீங்க நேரா படுத்திருக்கிற வரைக்கும் என் கழுத்துக்குப் பக்கத்துல இடம் இருக்கு." பிழை அங்கேதான் இருந்தது. இந்தப் பிடியில் கழுத்தின் ஒரு பக்க ரத்தக் குழாயை நம் தொடை அழுத்துகிறது. மறுபக்கத்தை அழுத்துவது எதிராளியின் சொந்தத் தோள். நேராகப் படுத்திருந்தால் அந்தத் தோள் உள்ளே மடங்காது. பூட்டைக் கொஞ்சம் தளர்த்தி, என் கெண்டைக்காலை நானே பிடித்துக்கொண்டு, மறு காலை அவள் இடுப்பில் ஊன்றி, அவளுடைய காது என் கண்ணுக்கு நேரே தெரியும் அளவுக்கு இடுப்பைத் திருப்பி மறுபடி பூட்டினேன். பாதி வலுகூடப் போடவில்லை; தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டாள். எட்டு மாதம் நான் ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தேன்; ஆனால் ஏன் விழவில்லை என்று ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை.

இந்தக் கலையே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. 1914இல் பிரேசிலுக்குச் சென்ற ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடாவிடமிருந்து கிரேசி குடும்பத்துக்கு வந்த வித்தை இது. அக்குடும்பத்தின் ஹீலியோ கிரேசி 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் மசாஹிகோ கிமுராவிடம் தோள் பூட்டில் சிக்கித் தோற்றார். அந்தப் பூட்டை இன்றும் கிமுரா என்றே அழைக்கிறோம். தோற்கடித்தவரின் பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பிடியைப் பயில்கிற பெருந்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பின்னாளில் ரொபெர்டோ கோர்டோ கொரேயா முழங்கால் காயத்தால் முழு கார்டைப் பயன்படுத்த முடியாமல், எதிராளியின் ஒரு காலை மட்டும் நம் கால்களுக்கிடையே பிடித்திருக்கும், தப்பிக்கும் வழியில் பாதியில் மாட்டிக்கொண்ட நிலையாகக் கருதப்பட்ட அரை கார்டிலேயே கிடந்து பழகினார். அங்கிருந்து எதிராளியைக் கவிழ்க்கும் வழிகளை அவர் கண்டெடுத்த பிறகு, அரை கார்டு தனிப் பாடமாகவே ஆகிவிட்டது.

பெற்றோருக்கு ஒரு சொல். பெல்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பொதுவாக நீலத்தில் 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் 1 ஆண்டு குறைந்தபட்சம் இருந்தாக வேண்டும். 19 வயதுக்கு முன் கறுப்பு பெல்ட் இல்லை. நடப்பில் கறுப்பு பெல்ட்டுக்குப் பத்தாண்டு அளவுக்கு ஆகிறது. சில நுட்பங்களைத் தள்ளிவைப்பதும் காரணத்தோடுதான். ஹீல் ஹூக் என்னும் குதிகால் திருகில், வலி தெரிவதற்குள் முழங்காலின் தசைநார் கிழிந்துவிடக்கூடும். எனவே அந்தக் கூட்டமைப்பு, சீருடை இல்லாத போட்டிகளில், வயதுவந்த பழுப்பு, கறுப்பு பெல்ட்காரர்களுக்கு மட்டுமே அதை அனுமதிக்கிறது. எவ்வளவு கேட்டாலும் உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது அதைச் சொல்லித்தர மாட்டேன்.

முக்கோணப் பிடி கைவந்துவிட்டது என்று நினைத்து முடிப்பதற்குள் அந்தத் தங்கையும் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் இடுப்பைத் திருப்பத் தொடங்கியதுமே அதே திசையில் நகர்ந்து, மறுபடியும் எனக்கு நேர் எதிரே வந்து நிமிர்ந்துவிடுகிறாள். நான்கு வாரமாக எனக்கு ஒன்றும் விழவில்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் முதல் சுற்று அவளோடுதான்.