அம்மா அப்பாவுக்கு ஆஸ்திரேலியா விசா: முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள்

[திரையில்: சாப்பாட்டு மேசை. வெள்ளைத்தாள், பேனா, ஆறிப்போன காபி.]

வணக்கம். விசா எண், கட்டணம், படிவம் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் அம்மா அப்பாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள், ஒவ்வொருவரும் இப்போது எந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பாதிப் பேருடைய கதை இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசா எதற்குப் போனாலும் வாசலில் நிற்பது பேலன்ஸ் ஆஃப் ஃபேமிலி டெஸ்ட். பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட இங்கே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும்.

[திரையில்: தாளில் பெயர்களுக்குப் பதிலாக ஊர்கள்]

நீங்கள் சிட்னி, தம்பி மதுரை. இரண்டில் ஒன்று, சரிபாதி, பாஸ். நீங்கள் சிட்னி, அக்கா கோயம்புத்தூர், அண்ணன் துபாய். இங்கே ஒருவர், இந்தியாவில் ஒருவர், துபாயில் ஒருவர், பாதியும் இல்லை, யாரையும்விட அதிகமும் இல்லை, எனவே ஃபெயில். ஆனால் ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேர் இங்கே, மற்ற மூவர் இந்தியா, லண்டன், டொராண்டோ என்று ஆளுக்கொரு நாட்டில் என்றால் பாஸ். மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில் இருப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம், அதனால்தான் இந்தச் சோதனையில் நம் ஆட்கள் இவ்வளவு பேர் மாட்டுகிறார்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். மெல்பேர்னில் ஸ்டூடன்ட் விசாவில் படிக்கிற தங்கை ஆஸ்திரேலியக் கணக்கில் வரமாட்டாள், பிஆரோ (நிரந்தர வசிப்புரிமை) குடியுரிமையோ இருந்தால்தான் கணக்கு. அப்புறம், முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் எண்ணிக்கையில் உண்டு, அவர்களோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதை யாரும் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு ஏஜென்ட் இந்தக் கேள்வியையே கேட்காமல் விண்ணப்பத்தைப் போட்டுப் பணத்தையும் வாங்கிவிட்டார். விசா நிராகரிக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்ப வராது.

சரி, பாஸ் ஆகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

[திரையில்: 103]

சப்கிளாஸ் (விசா வகை எண்) 103, சாதாரண பேரன்ட் விசா. கட்டணம் அடுத்து வரும் 143-ஐவிடக் குறைவு. இன்றைக்கு விண்ணப்பித்தால் காத்திருப்பு 30 வருடத்துக்கு மேல் என்று ஆஸ்திரேலிய உள்துறையே சொல்கிறது. அப்பாவுக்கு இப்போது 65 என்றால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த குடியேற்ற முறை பற்றிய மறுஆய்வு அறிக்கையே, அநேகமாக வரவே போகாத ஒரு விசாவுக்கு ஆட்களை விண்ணப்பிக்க விடுவது கொடூரம், தேவையும் இல்லை என்று எழுதியது. எழுதியதோடு சரி, வரிசை அப்படியேதான் இருக்கிறது.

[திரையில்: 143]

143, கான்ட்ரிபியூட்டரி பேரன்ட். இதில் பணம் பேசும். விண்ணப்பக் கட்டணம் தனி, முடிவு வரும் நேரத்தில் ஆளுக்கு 43,600 டாலர் இரண்டாவது தவணை, இரண்டு பேருக்கு 87,200. பணம் கட்டினால் உடனே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், இதற்கும் பத்து வருடம் தாண்டும். பெற்றோர் விசாக்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 8,500 இடங்கள்தான், அதில் பெரும்பகுதி இந்த வகைக்குப் போகிறது, அப்படியும் வரிசை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தவிர, அஷ்யூரன்ஸ் ஆஃப் சப்போர்ட் என்று, பெற்றோர் அரசு உதவித்தொகை வாங்கினால் அதைத் திருப்பிக் கட்டும் 10 வருடப் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டு வங்கியில் ஈட்டுத்தொகையும் வைக்க வேண்டும்.

வயதான பெற்றோருக்கான நிரந்தர விசா 804 பற்றி நிறையப் பேர் காதோடு காதாகப் பேசுவார்கள். ஏஜ் பென்ஷன் வயது, அதாவது 67 ஆகியிருந்தால், இங்கே இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம், முடிவு வரும்வரை பிரிட்ஜிங் விசா என்ற இடைக்கால விசாவில் இங்கேயே இருக்கலாம். வரிசை அதே 30 வருடம், ஆனால் காத்திருப்பது பிள்ளை வீட்டில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் பெற்றோருக்கு அந்த நாட்களில் மெடிகேர், அதாவது அரசு மருத்துவக் காப்பீடு, கிடையாது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. 70 வயதில் ஒரு பைபாஸ் என்றால் பில் யார் பெயரில் வரும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, டூரிஸ்ட் விசாவில் 8503 என்ற நிபந்தனை இருந்தால் இங்கே இருந்தபடி இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது, விசா கிடைத்தபோது வந்த கிராண்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள்.

[திரையில்: 870]

இப்போது நான் அதிகம் பேச விரும்புவது 870. 2019-இல் வந்த தற்காலிக விசா. இதில் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள், துபாய் அண்ணன் துபாயிலேயே இருக்கட்டும். 3 வருடம் அல்லது 5 வருடம், ஒருவருக்கு மொத்தம் அதிகபட்சம் 10 வருடம். ஆரம்பித்தபோது 3 வருடத்துக்கு 5,000 டாலர், 5 வருடத்துக்கு 10,000, அதற்கப்புறம் ஏறியிருக்கிறது.

முதலில் நீங்கள் ஸ்பான்சராக அனுமதி வாங்க வேண்டும், அது வந்த பிறகுதான் பெற்றோர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து விண்ணப்பிக்க முடியும். ஸ்பான்சரின் வரிக்குட்பட்ட வருமானம் வருடத்துக்குக் குறைந்தது 83,454 டாலர் 80 சென்ட் இருக்க வேண்டும். அந்த 80 சென்ட் எதற்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். கணவன் மனைவி இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். பிஆரில் இருப்பவர்கள் இங்கே 4 வருடம் வசித்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது. பேரனுக்குப் பின்னால் காலையிலிருந்து ராத்திரிவரை ஓடுவதற்குச் சம்பளம் இல்லை, அதனால் அது வேலை இல்லையாம்.

இதில் ஒரு விதி வீட்டுக்குள் சண்டையைக் கிளப்பும். ஒரு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் ஸ்பான்சர் செய்ய முடியும். உங்கள் அம்மா அப்பாவா, மனைவியின் அம்மா அப்பாவா? பாட்டிகள் இருவரை மட்டும் கூப்பிடலாமே என்றார் ஒரு நண்பர், தாத்தாக்களிடம் அதை யார் சொல்வது என்று அவரிடமே பதில் இல்லை. இந்தப் பேச்சைப் படிவம் நிரப்புகிற ராத்திரிக்குத் தள்ளிப்போடாதீர்கள், முன்னாடியே உட்கார்ந்து பேசுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 870-இல் இருந்துகொண்டு 804 மாதிரி உள்ளிருந்து போடும் நிரந்தரப் பெற்றோர் விசாவுக்குத் தாவ முடியாது.

[திரையில்: சமையலறைச் சுவர், தினசரி காலண்டர்]

கடைசியாக 600, அதாவது டூரிஸ்ட் விசா, நம்மில் பெரும்பாலானோர் உண்மையில் ஓட்டிக்கொண்டிருப்பது இதில்தான். பெற்றோருக்குச் சில வருடம் செல்லுபடியாகும் விசா கிடைக்கும், நிரந்தர விசா வரிசையில் இருப்பவர்களுக்கு 5 வருடம்வரைகூடத் தருகிறார்கள். ஆனால் 8558 என்று ஒரு நிபந்தனை சேர்ந்து வந்தால், எந்த 18 மாதத்தை எடுத்தாலும் 12 மாதத்துக்கு மேல் இங்கே இருக்கக்கூடாது. ஜனவரி டிசம்பர் கணக்கு இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிற கணக்கு. அதனால் என் அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த முருகன் படம் போட்ட காலண்டரில், தினமும் தாளைக் கிழிப்பதற்கு முன் ஓரத்தில் பேனாவால் நாள் எண்ணை எழுதுவார். 212, 213. விரதம், அஷ்டமி, ராகுகாலம், பக்கத்திலேயே விசா. 75 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள், டிக்கெட் போடுவதற்கு முன் அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

கட்டணங்கள் ஜூலை 1-இல் மாறும் வழக்கம், அதனால் நான் சொன்ன டாலர் கணக்கை உள்துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேள்வி கேட்பவர்கள், மொத்தம் எத்தனை பிள்ளைகள், யார் யார் எந்த நாடு, அம்மா அப்பாவுக்கு என்ன வயது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நானும் அதைத்தான் திருப்பிக் கேட்பேன்.