உதவித்தொகைக்குச் சம்பளத்தை வரம்பாக்கலாமா? ஒரு சம்பளச்சீட்டின் கணக்கு

[திரையில்: துப்புரவு ஊழியர் ஒருவரின் சம்பளச்சீட்டு. பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது.]

விடியுமுன் முதல் பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போகிறவர் ஒரு கேள்வி கேட்கிறார். "நான் உழைத்து வாங்குவதும், வேலைக்குப் போகாதவர் உதவித்தொகையாக வாங்குவதும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றால், நான் எதற்குப் போக வேண்டும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பலர் சொல்லும் விடை, உதவித்தொகை எந்நாளும் கீழ்நிலைச் சம்பளத்தைத் தாண்டாதபடி ஒரு வரம்பு போட்டுவிடுங்கள் என்பது. அந்த விடை சிங்கப்பூரில் பொருந்துமா என்று வெள்ளிக் கணக்கில் பார்க்கப் போகிறோம். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். உழைப்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். சம்பளத்தை ஏற்றித்தான் அந்த இடைவெளியை உண்டாக்க வேண்டும். உதவியை அமுக்கி உண்டாக்கினால் அடி விழுவது பிள்ளைகள்மேல்.

முதலில் சம்பளச்சீட்டு.

[திரையில்: 1,910 − 382 = 1,528]

படிப்படியாக உயரும் சம்பள முறையின்படி, அலுவலகக் கட்டடங்களில் வேலை செய்யும் முழுநேரப் பொதுத் துப்புரவு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025 ஜூலையில் 1,910 வெள்ளியானது. 2023 ஜூலையில் அது 1,570. ஊழியருக்கு 55 வயது தாண்டவில்லை என்றால் 20 விழுக்காடு, அதாவது 382 வெள்ளி, மத்திய சேம நிதியான மசேநிக்குப் போகிறது. கையில் வருவது 1,528.

இதோடு கணக்கை முடித்துக்கொள்வதில்தான் பெரும்பாலான விவாதங்கள் தடம் புரள்கின்றன. குறைந்த சம்பளக்காரருக்கு அரசாங்கமும் தருகிறது. 2007-ல் தொடங்கிய வேலைநலன் துணை வருமானத் திட்டம் அது. 2025 முதல், மாதம் 500 முதல் 3,000 வெள்ளி வரை சம்பாதிக்கும் 30 வயது கடந்த சிங்கப்பூரர்களுக்கு அது கிடைக்கிறது. 30 முதல் 34 வயதுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,450 வெள்ளி. 35 முதல் 44 வரை 3,500. 45 முதல் 59 வரை 4,200. 60-ம் அதற்கு மேலும், அதோடு எந்த வயதானாலும் உடற்குறையுள்ளோருக்கு, 4,900. சம்பளம் 3,000-ஐ நெருங்க நெருங்கத் தொகை குறைந்துகொண்டே போகும்.

இங்கே ஒரு நுணுக்கம். 60 வயதுக்காரருக்கு 4,900 வெள்ளி என்றால் மாதம் 408. ஆனால் ஊழியராக இருப்பவருக்கு அதில் 40 விழுக்காடுதான் ரொக்கம், மாதத்துக்கு 163 வெள்ளி. மீதி 60 விழுக்காடு மசேநியில் சேரும். ஓய்வுக்காலத்துக்கு அது நல்லதே. ஆனால் இந்த மாதக் கரண்ட் கட்டணத்துக்கு உதவாது. வேலையா உதவியா என்று ஒரு குடும்பம் கூட்டிக் கழிக்கும்போது கையில் வரும் 163-தான் கண்ணில் படும். சுயதொழில் செய்பவருக்கு ரொக்கம் வெறும் 10 விழுக்காடு, மீதி மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தொகைக்கு ஊழியர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முதலாளி கட்டும் மசேநியைப் பார்த்துக் கணக்குத் தானாக ஓடும். முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுத்து மசேநி கட்டாமல் விட்டால், வேலைநலன் தொகையும் வராது. ஒரே நேரத்தில் இரண்டு நட்டம். அப்படி நடந்தால் சம்பளம் வாங்கிய சான்றோடு மசேநிக் கழகத்திடம் புகார் செய்யுங்கள்.

வேலைக்குப் போவதற்கு ஆகும் செலவையும் கழிக்க வேண்டும். போக்குவரத்து, வெளியே சாப்பாடு, பள்ளி முடிந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாணவர் பராமரிப்பு நிலையக் கட்டணம். கடைசியாகச் சொன்னதற்கு உதவி உண்டு. மாதம் குறைந்தது 56 மணி நேரம் வேலை செய்யும் பெற்றோர் மாணவர் பராமரிப்புக் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வேலையில் இருப்பதே அந்த உதவிக்கான வாசல்.

[திரையில்: சமூகச் சேவை அலுவலக முகப்பு]

அடுத்து, உதவி பெறுபவர் பக்கம். வருமானம் குறைந்தவர்களுக்காக அரசாங்கம் 2005-ல் தொடங்கிய காம்கேர் உதவி ஒரே வகை அல்ல. முதுமை, நோய், உடற்குறை காரணமாக இனி வேலை செய்யவே முடியாதவர்களுக்கு நீண்டகால உதவி. வேலை தேடுபவர், உடல்நலமின்றித் தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவர், வேலையில் இருந்தும் வருமானம் போதாதவர் ஆகியோருக்குக் குறுகிய, நடுத்தரகால உதவி. இந்த வகையில் வேலையில் இருப்பவரும் உதவி பெறுகிறார் என்பதைக் கவனியுங்கள். "உழைப்பவர்" என்றும் "உதவி பெறுபவர்" என்றும் ஊரை இரண்டாகப் பிரித்துப் பேசுவது இங்கேயே பிசகிவிடுகிறது.

நீண்டகால உதவியில் தனி ஆளுக்குரிய மாதத் தொகை 2022 ஆகஸ்டில் 600 வெள்ளியிலிருந்து 640 ஆனது. பிறகும் கூட்டப்பட்டது. இதற்கு மேல் மருத்துவ உதவியும் உண்டு.

இப்போது அந்த வரம்பைப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர் முழுநேர ஊழியருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய உள்ளூர்த் தகுதிச் சம்பளம் 2024 ஜூலையில் 1,600 வெள்ளியானது. மசேநி போகக் கையில் 1,280. அதையே உச்சவரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: இடப்பக்கம் தனி முதியவர், 640. வலப்பக்கம் தாயும் பிள்ளைகளும், கேள்விக்குறி. நடுவே 1,280 என்ற கோடு.]

தனியாக வாழும் முதியவருக்குக் கிடைத்த 640 அந்தக் கோட்டில் சரிபாதி. அவரை வரம்பு தொடவே தொடாது. தொட்டாலும் பயன் இல்லை, அவரால் வேலைக்குப் போக முடியாது என்று உறுதியான பிறகுதான் அந்த உதவியே கிடைக்கிறது. அப்படியானால் வரம்பு யாரைப் பிடிக்கும்? இரண்டு மூன்று பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்தை. சம்பளம் தலையை எண்ணிக் கொடுக்கப்படுவதில்லை, பிள்ளை இல்லாதவருக்கும் நான்கு பிள்ளை உள்ளவருக்கும் அதே 1,910. உதவித்தொகை தலையை எண்ணியே கணக்கிடப்படுகிறது. இந்த இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், கோட்டுக்கு மேலே போகும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளையின் பங்கு.

எவ்வளவு இருந்தால் ஒரு குடும்பம் ஓரளவு தன்மானத்தோடு வாழலாம் என்று சமூகவியலாளர் தியோ யூ யென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-ல் கணக்கிட்டார்கள். இரண்டு முதல் ஆறு வயதுக்குள் ஒரே பிள்ளை உள்ள ஒற்றைப் பெற்றோருக்கு மாதம் 3,218 வெள்ளி என்று வந்தது. ஆய்வு முறைக்கு வரம்புகள் உண்டு என்று அரசாங்கம் சொன்னது. அந்தத் தொகையில் பாதியை எடுத்துக்கொண்டாலும் 1,609. நம் கற்பனைக் கோடு அதற்கும் கீழே நிற்கிறது.

[திரையில்: பிரிட்டன் வரைபடம். ஆண்டுகள் 2013, 2016, 2023.]

பிரிட்டன் இதைச் செய்தே பார்த்தது. 2013-ல் லண்டனின் நான்கு வட்டாரங்களில் தொடங்கி நாடு முழுவதற்கும் வரம்பு வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு. வேலை செய்யும் குடும்பங்களின் நடுநிலை நிகரச் சம்பளம் அதற்கு அளவுகோல். 2016-ல் லண்டனுக்கு 23,000, மற்ற இடங்களுக்கு 20,000 என்று இறக்கினார்கள். அதன்பின் வருடக்கணக்கில் அசையவில்லை, 2023 ஏப்ரலில்தான் 25,323, 22,020 என்று ஏற்றினார்கள். இடையில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஏறிக்கொண்டே இருந்தன.

அதில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய்மார்கள். வேலைக்குப் போய் வரம்பிலிருந்து தப்பியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது சிறு பங்குதான். பெரும்பாலோர் வேலைக்கும் போகவில்லை, மலிவான வீட்டுக்கும் மாறவில்லை. இருந்ததில் குறைத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக இடமில்லாதவருக்குப் பணத்தைக் குறைத்தால் குழந்தைப் பராமரிப்பு நிலையம் முளைத்துவிடாது. கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பக்கம் வெறும் சம்பளம், மறுபக்கம் மொத்த உதவித்தொகை. வேலை செய்யும் குடும்பத்துக்கும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை கிடைக்கிறது என்பதைச் சம்பளப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. உதவி, கீழ்நிலைச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி அங்கே பல ஆண்டுகள் சட்டத்தில் இருந்தது. 2010 பிப்ரவரியில் கூட்டரசு அரசியல் சட்ட நீதிமன்றம், உதவித்தொகையை உண்மையான தேவையிலிருந்து வெளிப்படையாகக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2011-ல் அந்த விதி நீக்கப்பட்டது. 2015-ல் நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் வந்தது, மணிக்கு 8.50 யூரோ. இடைவெளியை மேலேயிருந்து இழுத்தார்கள். எங்களுக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. 1795-ல் இங்கிலாந்தின் ஸ்பீனில், ரொட்டி விலையையும் குடும்ப அளவையும் பார்த்து, குறைந்த கூலிக்கு மேல் உதவி தர நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கூலி எவ்வளவு குறைந்தாலும் மீதியை ஊர் நிதி நிரப்பிவிடும் என்றால் முதலாளிக்குக் கூலியை ஏற்றும் எண்ணம் ஏன் வரும்? இந்தப் பயம் வேலைநலன் திட்டத்துக்கும் பொருந்தும். அதனால்தான் முதலில் பார்த்த, படிப்படியாக உயரும் சம்பள ஏணி அவசியம். துப்புரவில் 2014-ல் தொடங்கி, பாதுகாவல், நிலவனப்பு, 2022-ல் சில்லறை வணிகம், 2023-ல் உணவுச் சேவை, கழிவு நிர்வாகம் என்று அது விரிந்தது. சம்பளத்துக்கு அடியில் ஒரு தரை இருந்தால், அரசாங்கம் தரும் பணம் முதலாளியின் பைக்குப் போகாமல் ஊழியரிடம் நிற்கும்.

[திரையில்: படிக்கட்டு. ஒரு படி மட்டும் மிக உயரம்.]

உழைக்கும் ஆவலைக் கெடுப்பது பல நேரம் உதவியின் அளவே அல்ல, அது எப்படிக் குறைகிறது என்பதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீட்டைப் பாருங்கள். வீட்டுக்கு முதல்முறை உதவி பெறும் குடும்பத்தின் வருமானம் 800 வெள்ளிக்குள் என்றால் ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 முதல் 33 வெள்ளி. 801 முதல் 1,500 வரை என்றால் 90 முதல் 123. ஒரு வெள்ளி கூடுதலாகச் சம்பாதித்தால் வாடகை 64 முதல் 90 வெள்ளி வரை ஏறும். மறுநாளே ஏறாது, இரண்டாண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதுதான் பார்ப்பார்கள். ஆனால் கூடுதல் நேர வேலை வேண்டாம் என்று ஒருவர் சொல்ல இந்தப் படி போதும். இதைச் சரிவாக்க வேண்டும். பிரிட்டனிலேயே, யுனிவர்சல் கிரெடிட் என்ற ஒருங்கிணைந்த உதவித்தொகை பெறுபவர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும்படி 2021-ல் மாற்றினார்கள். அதற்குமுன் 63. 55-ம் அதிகம்தான், ஆனால் செங்குத்தான பள்ளம் இல்லை.

இங்கேயும் அப்படிப்பட்ட முயற்சிகள் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2023-ல் அறிவிக்கப்பட்ட காம்லிங்க் பிளஸ் தொகுப்பில், மாதம் 1,400 வெள்ளிக்குக் குறையாத, மசேநி கட்டப்படும் வேலையில் மூன்று மாதம் தொடர்ந்து நிலைத்தால் காலாண்டுக்கு 450 முதல் 550 வெள்ளி, ரொக்கமாகவும் மசேநியாகவும். 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. முதல் மாதம் 1,500, பிறகு 1,250, 1,000, கடைசி மூன்று மாதமும் 750. முதல் மாதத் தொகை மட்டுமே நம் 1,280 வெள்ளிக் கோட்டைத் தாண்டுகிறது, இரண்டாம் மாதமே அதற்குக் கீழே வந்துவிடுவதைக் கவனியுங்கள். தனியாக ஒரு வரம்புச் சட்டம் போடாமலே இடைவெளி இருக்கிறது.

காம்கேர் பெறும் ஒருவருக்குப் பகுதிநேர வேலை கிடைத்தால், ஏற்குமுன் சமூகச் சேவை அலுவலக அதிகாரியிடம் கணக்குக் கேளுங்கள். உதவி எந்த மாதத்திலிருந்து குறையும், எவ்வளவு குறையும், பிள்ளையின் பராமரிப்புக் கட்டணத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். சம்பளம் 500 வெள்ளிக்குக் கீழ் என்றாலும் மனம் தளர வேண்டாம். குறுகிய, நடுத்தரகால உதவி பெறுபவர், பராமரிப்பாளர், உடற்குறையுள்ளோர் ஆகியோருக்கு வேலைநலன் திட்டத்தில் சலுகை உண்டு.

[திரையில்: இரண்டு நாட்காட்டிகள் அருகருகே]

கொள்கை வகுப்பவர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. துப்புரவு ஊழியரின் சம்பளப் படி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-ல் ஏறுகிறது. 2028-ல் அது 2,420 வெள்ளியாகும் என்று இப்போதே அச்சிட்டிருக்கிறார்கள். நீண்டகால உதவித்தொகைக்கு அப்படி முன்கூட்டிய அட்டவணை இல்லை. 2016, 2019, 2022 என்று அவ்வப்போது மறுபரிசீலனைக்குப் பிறகு கூட்டப்பட்டது. சம்பளத்தோடு உதவியை இணைத்தே ஆக வேண்டும் என்றால், சம்பளப் படி ஏறும் அதே ஜூலை 1-ல் உதவித்தொகையையும் தேவையைப் பார்த்துக் கணக்கிட்டு, அடுத்த மூன்று ஆண்டுத் தொகையை முன்கூட்டியே வெளியிடுங்கள்.